‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’: மூடுபனியை விலக்கியது சரியா? ரீமிக்ஸும் ஒதுக்கிவைத்த பாடல்களும்

தாழ்வாரம்

அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் பாப் டிலனின் ‘ஃப்ராக்மென்ட்ஸ்’ 2023 ஜனவரி 27 அன்று வெளிவந்தது. முன்பு வெளிவராத பதிவுகளைத் தொகுத்துத் தரும் அவருடைய பூட்லெக் வரிசையில் 17ஆவது தொகுப்பு. 1997 செப்டம்பரில் வந்த ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ ஆல்பம் எப்படி உருவானது என்பதை ஐந்து குறுந்தகடுகளில் திறந்து காட்டுகிறது. இந்த மன்றத்தில் பலரும் போகிற போக்கில் ஓரிரு வரி சொல்லியிருக்கிறோமே தவிர, யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அதனால்தான் இந்த இழை.

முதல் தகட்டில் அதே பதினொரு பாடல்கள். மூல ஒலிநாடாக்களை எடுத்து மைக்கேல் பிரௌவர் 2022இல் புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார், அதாவது குரலும் கருவிகளும் எந்த அளவில் ஒலிக்க வேண்டும் என்று மறுபடி கலந்திருக்கிறார். கோல்ட்ப்ளே இசைக்குழுவின் ‘பாரஷூட்ஸ்’ ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் அவர். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒதுக்கிவைத்த பாடல்களும் மாற்று வடிவங்களும் இருக்கின்றன. நான்காவதில் 1998 முதல் 2001 வரையிலான மேடைப் பதிவுகள். ஐந்தாவதில் இருப்பவை 2008இல் ‘டெல் டேல் சைன்ஸ்’ தொகுப்பில் ஏற்கெனவே வந்தவை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் இந்த ஆல்பத்தைக் கேட்பதானால் பிரௌவரின் ரீமிக்ஸைத்தான் கேட்பேன். தயாரிப்பாளர் டேனியல் லன்வா 1997இல் இந்தப் பாடல்களின் மீது ஒரு மூடுபனியைப் போர்த்தினார். அது அழகான பனி, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு மனிதர் நின்று பாடிக்கொண்டிருந்தார். அவரை இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறோம்.

‘லவ் சிக்’ பாடலின் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேட்டுப்பாருங்கள். பழைய மிக்ஸில் ஆர்கன் வெட்டி வெட்டி ஒலிக்கும். அதன் பின்னாலிருந்து, ஏதோ பழுதான வானொலி வழியே வருவதுபோல, டிலனின் குரல் வரும். ரீமிக்ஸில் அந்த முதல் வரியைப் பாடும்போது அவர் மூச்சை எங்கே நிறுத்துகிறார், ஒரு சொல்லின் கடைசி மெய்யை எப்படிக் கடித்து விடுகிறார் என்பதெல்லாம் கேட்கிறது. செத்துப்போன தெருக்களில் நடக்கிறேன் என்று சொல்கிற ஆள் நம் பக்கத்தில் நடந்துவருகிறார். முன்பு அவர் எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்தார்.

‘ஸ்டாண்டிங் இன் த டோர்வே’ பாடலுக்கும் இதே கதைதான். அதில் எத்தனை கிதார்கள் இருக்கின்றன என்பதே எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

நள்ளிரவு வானொலி

தாழ்வாரம் ஐயா, நீங்கள் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரியோடுகூட எனக்கு உடன்பாடில்லை.

‘லவ் சிக்’கின் குரலை லன்வா சும்மா கெடுக்கவில்லை. சிகாகோவின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) கலைஞர்கள், குறிப்பாக லிட்டில் வால்டர், மௌத் ஆர்கனைச் சிறிய கிதார் ஆம்ப்ளிஃபையர் வழியாக வாசித்தார்கள். அந்தக் கரகரப்பில்தான் அந்த இசையின் உயிரே இருக்கிறது. டிலனின் குரலையும் அதே வழியில் செலுத்திப் பார்த்தார் லன்வா. பதிவுக்கு முன்பே, சார்லி பேட்டன், லிட்டில் வால்டர் போன்ற ப்ளூஸ் கலைஞர்களின் பழைய தட்டுகளைக் கேட்கச் சொல்லி லன்வாவிடம் சொன்னவரே டிலன்தான். அந்தத் தட்டுகளில் கேட்கும் தூசியும் தூரமும் தன் ஆல்பத்திலும் வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டார். ஆக, அந்தக் குரல் பழுதான வானொலி வழியே வருவதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் இருக்கிறது.

மூடுபனியும் பாட்டில் ஒரு பகுதி. கச்சேரியில் தம்பூராவை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. அதை நிறுத்திவிட்டால் பாடகர் நிற்கும் தரையே போய்விடும். ரீமிக்ஸில் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் இடம் எது, நேரம் எது என்று தெரியவில்லை. பழைய மிக்ஸில் அது சந்தேகமில்லாமல் பின்னிரவு.

1998இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது லன்வாவின் மிக்ஸ்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தாழ்வாரம்

வானொலி ஐயா, கிராமியை வைத்து மிக்ஸை எடைபோட முடியாது. பாடல்கள்தான் வென்றன. ‘நாட் டார்க் யெட்’டை அடுப்படியில் வைத்துப் பதிவு செய்திருந்தாலும் அது ‘நாட் டார்க் யெட்’தான்.

இன்னொன்று. இந்த ஆல்பத்துக்குப் பிறகு டிலன் லன்வாவை அழைக்கவே இல்லை. 2001இல் ‘லவ் அண்ட் தெஃப்ட்’ ஆல்பத்தை ‘ஜேக் ஃப்ராஸ்ட்’ என்ற புனைபெயரில் தானே தயாரித்தார். தொடர்ந்து வந்த ஆல்பங்களையும் அப்படியே செய்தார். அந்த ஒலி எப்படி இருக்கிறது? காய்ந்த, நேரடியான ஒலி. ஒரே அறையில் ஒரு குழு உட்கார்ந்து வாசிப்பது அப்படியே கேட்கும். தனக்கு எது வேண்டும் என்பதை அவர் செய்துகாட்டிவிட்டார். ரீமிக்ஸை வெளியிட்டவர்களும், அறையில் வாசித்தபோது பாடல்கள் எப்படி ஒலித்தனவோ அதற்கு நெருக்கமாகக் கொண்டுபோவதே நோக்கம் என்றுதான் சொன்னார்கள்.

நள்ளிரவு வானொலி

என் குறையும் அதுதான் ஐயா. 2001இன் டிலனை வைத்து 1997இன் டிலனைத் திருத்தி எழுதுகிறது இந்த ரீமிக்ஸ். 1997இல் அந்த மிக்ஸை வெளியிட ஒப்புக்கொண்டவரும் அவர்தானே? தயாரிப்பாளர் பட்டியலில் லன்வாவோடு ஜேக் ஃப்ராஸ்ட் பெயரும் இருக்கிறது. பிடிக்காவிட்டால் நிறுத்திவைக்கிற அதிகாரம் இல்லாத மனிதரா அவர்? முன்பு பதிவாகி முடிந்த ஓர் ஆல்பத்தில் பாதியையே கடைசி நேரத்தில் மாற்றியவர்!

இசைக்கூடம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். யார் பக்கமும் சாய்ந்து சொல்லவில்லை.

இந்த ஆல்பத்துக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. 1996இல் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில், பழைய திரையரங்கு ஒன்றில் லன்வா அமைத்திருந்த ‘தியேட்ரோ’ கூடத்தில் சிலர் மட்டும் கூடிச் செய்த முன்னோட்டப் பதிவுகள். பிறகு 1997 ஜனவரியில் மயாமியின் க்ரைட்டீரியா கூடத்தில் முழுப் பட்டாளம். பொறியாளர் மார்க் ஹோவர்ட். டிரம்ஸுக்கு ஜிம் கெல்ட்னரும் பிரையன் பிளேடும். ஆர்கனுக்கு ஆகி மையர்ஸ், விசைக்கருவிகளுக்கு ஜிம் டிக்கின்சன், கிதாருக்கு ட்யூக் ரோபில்லார்ட், ஸ்லைடு கிதாருக்கு சிண்டி கேஷ்டாலர், பெடல் ஸ்டீல் கிதாருக்கு பக்கி பாக்ஸ்டர், பாஸுக்கு டோனி கார்னியர். இவர்களோடு லன்வாவும் கிதாரோடு உட்கார்ந்திருக்கிறார். டிலன் தனியறையில் அடைந்துகொண்டு பாடவில்லை. குழுவோடு சேர்ந்து நேரடியாகப் பாடுகிறார்.

இப்படிப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு மைக்கிலும் மற்றவர்களின் ஒலி கசிந்து நிற்கும். குரல் மைக்கில் டிரம்ஸ் இருக்கும், டிரம்ஸ் மைக்கில் ஆர்கன் இருக்கும். குரலை உயர்த்தினால் கூடவே அறையும் உயரும். எனவே ரீமிக்ஸ் செய்கிறவர் வரம்பில்லாத சுதந்திரத்தோடு வேலை செய்யவில்லை. லன்வாவின் பனியில் ஒரு பகுதி பிறகு சேர்த்தது. இன்னொரு பகுதி அந்த அறையிலேயே இருந்தது. பிரௌவர் நீக்கியது முதல் பகுதியை மட்டும்தான். இரண்டாவதை எவராலும் நீக்க முடியாது. ‘கான்ட் வெய்ட்’ பாடலை ரீமிக்ஸில் கேளுங்கள். அந்தச் சேற்றுத்தன்மை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

‘லவ் சிக்’கில் குரல் இவ்வளவு சுத்தமாகக் கிடைத்திருக்கிறதென்றால், ஆம்ப்ளிஃபையர் வழியாகப் போன ஒலியோடு கூடவே சுத்தமான மைக் ஒலியும் தனித்தடத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கெட்டிக்காரப் பொறியாளர் எவரும் அதை விட்டுவைக்க மாட்டார்.

என் காதுக்கு ரீமிக்ஸின் பெரிய வெற்றி குரலைவிட டிரம்ஸில்தான். கெல்ட்னரும் பிளேடும் இரண்டு வேறு மனிதர்கள் என்பது இப்போது விளங்குகிறது. ஒருவர் தாளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார், மற்றவர் அதைச் சுற்றி உலாவுகிறார். பெரிய தோல்வி ‘கோல்ட் ஐயன்ஸ் பவுண்ட்’. அந்தப் பாட்டுக்கு அச்சமூட்டும் எதிரொலி தேவை. அதை எடுத்ததும் அது வெறும் நல்ல ப்ளூஸ் பாட்டாகிவிட்டது.

மதுரைக்காரி

இசைக்கூடம் அண்ணா, ‘கோல்ட் ஐயன்ஸ் பவுண்ட்’ பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு.

ஆனால் ‘ஹைலேண்ட்ஸ்’? பதினாறரை நிமிடப் பாட்டு. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பழைய கவிதையிலிருந்து பல்லவி, சார்லி பேட்டனின் இசைத்தட்டிலிருந்து கிதார் வரிசை. நடுவில் பாஸ்டன் நகரத்து உணவகம் ஒன்றில் பரிசாரகப் பெண்ணோடு ஒரு நீண்ட பேச்சு: அவித்த முட்டை கேட்கிறார், அது இல்லை, படம் வரைந்து தரச் சொல்கிறாள், பெண் எழுத்தாளர்களைப் படிப்பதில்லையே என்று குத்துகிறாள், எரிகா ஜாங் பெயரைச் சொல்லித் தப்பிக்கிறார். ரீமிக்ஸில் இந்த உரையாடல் எனக்கு முதல்முறையாக நாடகமாகக் கேட்டது. அவள் பேசும் வரிகளுக்கு அவர் குரலை எவ்வளவு நுட்பமாக மாற்றுகிறார்! பழைய மிக்ஸில் அந்த வேறுபாடு மங்கலாகவே இருந்தது. இந்த ஒரு பாட்டுக்காகவே நான் தாழ்வாரம் ஐயா பக்கம்.

புத்தகப்புழு

நண்பர்களே, எல்லோரும் முதல் தகட்டிலேயே நின்றுவிட்டீர்கள். எனக்கு இந்தத் தொகுப்பின் பொக்கிஷம் இரண்டாவதும் மூன்றாவதும்தான். மிக்ஸை மாற்றினால் ஒலி மாறும். மாற்று வடிவங்களைக் கேட்டால், பாட்டு எழுதப்படுவதையே பார்க்கிறோம்.

‘ட்ரீமிங் ஆஃப் யூ’ என்றொரு பாட்டு ஆல்பத்தில் இடம்பெறவில்லை. அதன் வரிகள் பிரிந்துபோய் ‘ஸ்டாண்டிங் இன் த டோர்வே’யில் குடியேறியிருக்கின்றன. ‘மார்ச்சிங் டு த சிட்டி’ என்று தொடங்கிய பாட்டு உருமாறி உருமாறி ‘டில் ஐ ஃபெல் இன் லவ் வித் யூ’ ஆகிறது. முதல் வடிவத்தில் அது தேவாலயப் பாட்டின் நடையில், மெதுவாகப் படியேறுகிறது. கடைசியில் அது ஒரு கடுகடுத்த ப்ளூஸ். இடையில் என்ன நடந்தது? நம்பிக்கையின் பக்கம் சாய்ந்திருந்த வரிகளையெல்லாம் களைந்துவிட்டார். நகரத்தை நோக்கிப் படையோடு நடந்தவன், இறுதி வடிவத்தில் நடக்கவே மாட்டாமல் நிற்கிறான்.

‘நாட் டார்க் யெட்’டின் முதல் வடிவம் இன்னும் ஆச்சரியம். 1997 ஜனவரியில் மயாமியில் எடுத்தது. நடை வேகமானது, ஏறக்குறைய உற்சாகமானது என்றே சொல்லலாம். அதே பாட்டைப் பிறகு பாதி வேகத்துக்கு இறக்கிவிட்டார்கள் போலத் தோன்றும். வேகத்தைக் குறைத்ததும்தான் அந்தச் சொற்களுக்குக் கனம் வந்தது. இலக்கிய விமர்சகர் கிறிஸ்டஃபர் ரிக்ஸ் தன் நூலில் இந்தப் பாட்டை ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் இராப்பாடிப் பறவைக் கவிதையோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருக்கிறார். அந்த ஒப்பீடு மெதுவான வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும். வேகமான வடிவத்தைக் கேட்டுவிட்டு யாரும் கீட்ஸை நினைக்க மாட்டார்கள்.

ஆகவே வானொலி ஐயாவுக்கு ஒரு வாதத்தை எடுத்துக்கொடுக்கிறேன்: இந்த ஆல்பத்தின் இருட்டு லன்வா பூசியது மட்டும் அல்ல. பாட்டு பாட்டாக, வரி வரியாக டிலனே அதை இருட்டாக்கிக்கொண்டு போயிருக்கிறார். அதற்குச் சாட்சி இந்த இரண்டு தகடுகள்.

டொரொண்டோ தம்பி

புத்தகப்புழு அண்ணா, நல்ல பதிவு. ஒரு சந்தேகம். இந்த இருட்டுக்குக் காரணம் அவருடைய நோய் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். இதயத்தைச் சுற்றிய உறையில் அழற்சி வந்து மருத்துவமனையில் கிடந்தார் அல்லவா?

புத்தகப்புழு

தம்பி, அது 1997 மே மாதம். பாடல்கள் எல்லாம் ஜனவரியிலேயே பதிவாகிவிட்டன. எழுதியது அதற்கும் முன்னால். நோய்ச் செய்தி உலகமெல்லாம் பரவி, நான்கு மாதம் கழித்து ஆல்பம் வந்ததால், கேட்டவர்கள் எல்லோரும் அதைச் சாவின் வாசலிலிருந்து எழுதிய ஆல்பமாகவே கேட்டார்கள். 1990க்குப் பிறகு அவர் சொந்தப் பாடல்களோடு ஆல்பம் எதுவும் போட்டிருக்கவில்லை. 1992இலும் 1993இலும் வந்தவை பழைய நாட்டுப்பாடல்களும் ப்ளூஸும். ஏழாண்டு மௌனத்துக்குப் பிறகு வந்த சொந்தக் குரல் என்பதுதான் இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள நல்ல சாவி. நோய்க்கதை வழி தவறவைக்கும்.

டொரொண்டோ தம்பி

நன்றி அண்ணா. அப்படியானால் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ‘மிசிசிப்பி’யையும் ‘ரெட் ரிவர் ஷோர்’ பாட்டையும் விட்டுவிட்டு ஆல்பத்தை முடித்தது எப்படி நியாயம்? இரண்டும் அந்த ஆல்பத்தில் இருக்கும் பாதிப் பாட்டுகளைவிடச் சிறந்தவை. ‘டர்ட் ரோடு ப்ளூஸ்’ உள்ளே, ‘மிசிசிப்பி’ வெளியே. இதை எனக்கு யாராவது விளக்க வேண்டும்.

தாழ்வாரம்

‘மிசிசிப்பி’ வெளியே போனதற்குக் காரணம் டிலனே சொல்லியிருக்கிறார். பாட்டு மெட்டிலும் வரியிலும் முழுதாக இருந்தது. லன்வா அதைச் சாதாரணமாக நினைத்து ஆப்பிரிக்கப் பன்முகத் தாளத்தின் (ஒரே நேரத்தில் பல தாளங்கள் ஓடும் முறை) பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கூர்மையான வரிகளுக்கு அது ஒத்துவரவில்லை என்பது 2001இல் அவர் கொடுத்த பேட்டியின் சாரம். பாட்டை முதலில் பாடகி ஷெரில் குரோவுக்குக் கொடுத்தார். அவர் 1998இல் வெளியிட்டார். பிறகு டிலனே ‘லவ் அண்ட் தெஃப்ட்’டில் பாடினார்.

இப்போது நம் கையில் பல வடிவங்கள் இருக்கின்றன. 2008 தொகுப்பின் முதல் பாட்டாக வந்த அமைதியான வடிவத்தைக் கேளுங்கள். கிதாரும் குரலும் மட்டும் என்று சொல்லும் அளவுக்கு எளிமை. எனக்குத் தெரிந்து டிலன் தன் ஐம்பதுகளில் பாடியதில் இதற்கு நிகர் இல்லை. மனிதர் அதைப் பாடவில்லை, ஒப்புக்கொடுக்கிறார். இதை ஒதுக்கிவைத்த லன்வாவை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

நள்ளிரவு வானொலி

அந்த அமைதியான வடிவத்தில் கிதார் வாசித்திருப்பவரே லன்வாதான் ஐயா! ஒரு பாட்டை ஐந்தாறு திசைகளில் முயன்று பார்ப்பதுதான் தயாரிப்பாளரின் வேலை. ‘ஃப்ராக்மென்ட்ஸ்’ தொகுப்பில் இருக்கும் ‘மிசிசிப்பி’ வடிவங்களையும் சேர்த்துக் கேட்டால் ஒன்று தெரிகிறது: ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட வந்துவிட்டது, எதுவும் முழுதாக வந்து சேரவில்லை. 2001 வடிவத்தில்தான், படிப்படியாக ஏறிப்போகும் அந்தக் கிதார் வரிசையோடு, பாட்டு வீடு வந்து சேர்கிறது. நாலாண்டு காத்திருந்தது வீண்போகவில்லை.

புத்தகப்புழு

தம்பிக்கு என் விளக்கம் வேறு. ஆல்பம் என்பது நல்ல பாட்டுகளை எண்ணிக் கட்டிய மூட்டை இல்லை. ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’டில் ஒரே ஒரு மனிதன் பேசுகிறான். காதல் போய்விட்டது, நடந்துகொண்டே இருக்கிறான், யாரிடமும் அவனுக்கு நன்றி இல்லை, எதிலும் ஆறுதல் இல்லை. ‘மிசிசிப்பி’யில் பேசுகிறவன் வேறு ஆள். கப்பல் உடைந்து மூழ்கிக்கொண்டிருந்தாலும் தன்னோடு பயணம் செய்தவர்கள் மீது அன்பு மட்டுமே இருப்பதாகச் சொல்கிறான். மன்னிக்கத் தெரிந்தவன். அவனை ‘லவ் சிக்’குக்கும் ‘கான்ட் வெய்ட்’டுக்கும் நடுவில் நிறுத்தினால் ஆல்பத்தின் இறுக்கம் தளர்ந்துவிடும். அதை வெளியே வைத்தது டிலனோ லன்வாவோ, யாராக இருந்தாலும் சரியாகவே செய்தார்கள். தாளம் ஒத்துவராதது உண்மையாகவே இருக்கட்டும். ஒத்துவந்திருந்தாலும் அது அங்கே நிற்காது.

ஆனால் ‘ரெட் ரிவர் ஷோர்’ விஷயத்தில் நான் தம்பியோடு நிற்கிறேன். அந்தப் பாட்டு அதே மனிதனுடையது. ஒரு பெண்ணை நினைத்தே வாழ்நாள் கழிகிறது. பழைய ஊருக்குத் திரும்பிப் போய்க் கேட்டால் அங்கே யாருக்கும் அவளைப் பற்றி எதுவும் தெரியவில்லை. கடைசியில், இறந்தவரை எழுப்பத் தெரிந்த ஒருவர் முன்பு இருந்தாராம், அந்த வித்தையை இப்போது யாரும் செய்வதில்லை என்கிறான். தன்னையே யாராவது பார்த்தார்களா, அவளைத் தவிர, என்ற சந்தேகத்தில் பாட்டு முடிகிறது. இந்த ஆல்பம் எதைச் சொல்ல முயல்கிறதோ அதையெல்லாம் இந்த ஒரு பாட்டு சொல்லிவிடுகிறது. அந்த அமர்வுகளில் பதிவானவற்றிலேயே சிறந்தது இதுதான் என்று அங்கே வாசித்த ஜிம் டிக்கின்சனும் சொன்னார். பதினோரு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது!

மதுரைக்காரி

புத்தகப்புழு ஐயா, அந்தக் கடைசிச் சரணத்துக்கு எனக்கு எப்போது கேட்டாலும் தொண்டை அடைக்கும். டெக்சாஸ் வாசனையோடு அக்கார்டியன் சேரும் வடிவம்தான் எனக்கு உசத்தி. ஆக்ஸ்னார்டில் 1996இல் எடுத்த வடிவத்தை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

புத்தகப்புழு

ஆக்ஸ்னார்டு வடிவம் அடக்கமாக இருக்கிறது. பாடுகிறவருக்கு இன்னும் கதை முழுதாகப் பழகவில்லை என்று தோன்றுகிறது. மயாமியில் அவர் அந்தக் கதைக்குள் நாள்கணக்காக வாழ்ந்தவர்போலப் பாடுகிறார்.

இசைக்கூடம்

ஒலி பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்ஸ்னார்டு பதிவுகளில் ஆட்கள் குறைவு, அதனால் கசிவும் குறைவு. குரல் இயல்பாகவே முன்னால் நிற்கிறது. ‘த வாட்டர் இஸ் வைட்’ என்ற பழைய பாட்டை அங்கே பாடியிருக்கிறாரே, அதைக் கேளுங்கள். ரீமிக்ஸ் எந்த நெருக்கத்தைத் தேடி அலைகிறதோ அது இங்கே எந்தச் சிரமமும் இல்லாமல் கிடைக்கிறது. மூடுபனியா தெளிவா என்று இங்கே நடக்கும் சண்டைக்கு என் பதில் அந்த ஒரு பதிவு. எத்தனை பேரை அறையில் உட்காரவைப்பது என்ற முடிவிலேயே பாதி மிக்ஸ் முடிந்துவிடுகிறது.

இதே ஆளின் 1975 ஆல்பம் ‘பிளட் ஆன் த டிராக்ஸ்’ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் முழுதாகப் பதிவாகி, டிசம்பரில் ஐந்து பாட்டுகளை மினியாபொலிஸில் மறுபடி பதிவு செய்தார். வானொலி ஐயா கடைசி நேர மாற்றம் என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். நியூயார்க் பதிவுகளின் வேகத்தை இரண்டு மூன்று சதவீதம் கூட்டச் சொன்னவரும் டிலன்தான். 2018இல் அந்த மூல நாடாக்கள் இயல்பான வேகத்தில், எதிரொலி சேர்க்காமல் வந்தன. கேட்டவர்கள் கொண்டாடினோம். அங்கே தயாரிப்பாளரைக் குற்றம் சொல்ல யாரும் இல்லை, மாற்றியவர் பாடலாசிரியரே. எனவே ‘டிலனின் உண்மையான விருப்பம்’ என்ற அளவுகோலைத் தாழ்வாரம் ஐயா கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. அந்த மனிதரின் விருப்பம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

தாழ்வாரம்

இசைக்கூடம், நியாயமான பேச்சு. விருப்பத்தை விட்டுவிடுகிறேன். என் காதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். 1978இன் ‘ஸ்ட்ரீட் லீகல்’ ஆல்பத்தை 1999இல் ரீமிக்ஸ் செய்தபோது, குழம்பிக் கிடந்த அந்த ஆல்பம் பலருக்கும் முதல்முறையாகத் திறந்தது. அதைத் தயாரித்த டான் டிவிட்டோவே உட்கார்ந்து செய்த வேலை. அதை வரவேற்றவர்கள் பிரௌவரை மட்டும் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறோம்? லன்வா உயிரோடு, வேலையில் இருக்கும்போதே வேறொருவர் கைவைத்ததால் வரும் கூச்சம் என்றால் அது எனக்குப் புரிகிறது. ஆனால் அது பண்பாட்டுக் கேள்வி, ஒலிக் கேள்வி இல்லை.

நள்ளிரவு வானொலி

‘ஸ்ட்ரீட் லீகல்’லின் மூல ஒலி யாருக்கும் பிடித்திருக்கவில்லை ஐயா. ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’டின் மூல ஒலி, அதற்குப் பின்வந்த எத்தனையோ முதிய பாடகர்களின் ஆல்பங்களுக்கு முன்மாதிரி. இரண்டும் ஒன்றல்ல. பண்பாட்டுக் கேள்வியையும் நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் பழைய மிக்ஸ் கடையில் கிடைத்துக்கொண்டே இருக்கும் வரை ரீமிக்ஸோடு எனக்குப் பகை இல்லை. ஸ்ட்ரீமிங் தளங்களில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்காதவரை சரி.

டொரொண்டோ தம்பி

வாங்குவதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். ஐந்து தகடுகள் உள்ள பெட்டி தேவையா, இரண்டு தகடுகள் உள்ள சிறிய பதிப்பு போதுமா?

மதுரைக்காரி

தம்பி, சிறிய பதிப்பில் ரீமிக்ஸும், மாற்று வடிவங்களில் தேர்ந்தெடுத்த ஒரு தகடும் இருக்கின்றன. புதிதாக நுழைகிறவருக்கு அது போதும். ஆனால் ‘ரெட் ரிவர் ஷோர்’, ‘மிசிசிப்பி’ இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்க நினைத்தால் பெட்டிதான் வழி.

ஐந்தாவது தகடு மட்டும் எனக்கு உறுத்துகிறது. 2008இல் வாங்கியவர்களிடம் அதே பாட்டுகளை மறுபடி விற்கிறார்கள். அந்த ஆண்டு மூன்றாவது தகடு சேர்ந்த பதிப்புக்கு நூறு டாலருக்கு மேல் விலை வைத்து ரசிகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதும் நினைவிருக்கும். இந்த ஐந்தாவது தகட்டுக்குப் பதில் இன்னும் சில மாற்று வடிவங்களைக் கொடுத்திருக்கலாம்.

மேடைத் தகட்டை அலட்சியம் செய்யாதீர்கள். ஒலி கரடுமுரடுதான். ஆனால் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்ததும் பாட்டுகள் எப்படி வேறு உயிர் எடுக்கின்றன என்பது அதில் தெரிகிறது. கூடவே 2008 தொகுப்பில் இருக்கும், 2000 அக்டோபரில் லண்டனில் பாடிய ‘ட்ரையிங் டு கெட் டு ஹெவன்’ வடிவத்தையும் கேளுங்கள். ஜாஸ் சுவரங்களோடு, மெதுவாக. ரீமிக்ஸும் வேண்டாம், பழைய மிக்ஸும் வேண்டாம், இதுதான் அந்தப் பாட்டு என்று சொல்லத் தோன்றும்.

புத்தகப்புழு

எல்லோருக்கும் ஒரு கேள்வி. ‘ரெட் ரிவர் ஷோர்’ உள்ளே போக வேண்டும் என்பதில் இங்கே பெரும்பாலோர் ஒத்துப்போகிறோம். மூல ஆல்பம் ஏறக்குறைய 73 நிமிடம். அன்றைய குறுந்தகட்டின் வழக்கமான கொள்ளளவு 74 நிமிடம். ‘ரெட் ரிவர் ஷோர்’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். அப்படியானால் ஏதாவது ஒன்று வெளியே போயாக வேண்டும். எதை எடுப்பீர்கள்?

டொரொண்டோ தம்பி

‘டர்ட் ரோடு ப்ளூஸ்’. அது நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், போதாது என்றால் ‘மேக் யூ ஃபீல் மை லவ்’வும் போகட்டும். அது அந்த ஆல்பத்தின் ஆளுக்குச் சொந்தமான பாட்டே இல்லை. பில்லி ஜோல் முதலில் வெளியிட்டார், 2008இல் அடேல் பாடி உலகப் புகழாக்கினார். அங்கேயே இருக்கட்டும்.

மதுரைக்காரி

தம்பி, ‘மேக் யூ ஃபீல் மை லவ்’வில் கைவைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். ‘கோல்ட் ஐயன்ஸ் பவுண்ட்’டின் கொந்தளிப்புக்கும் ‘கான்ட் வெய்ட்’டின் பதற்றத்துக்கும் நடுவில் அந்த மனிதன் ஒரே ஒருமுறை கெஞ்சுகிறான். அந்தக் கெஞ்சல் இல்லாவிட்டால் மற்ற பாட்டுகளில் அவன் எதை இழந்தான் என்பதே நமக்குத் தெரியாது. அடேல் அழகாகப் பாடினார்; டிலனின் குரலில்தான் அந்த வாக்குறுதிகள் நிறைவேறாது என்பது தெரிகிறது.

தாழ்வாரம்

நான் ‘மில்லியன் மைல்ஸ்’ஸை எடுப்பேன், கூடவே ‘டர்ட் ரோடு ப்ளூஸ்’ஸையும். ‘ரெட் ரிவர் ஷோர்’ பாட்டை ‘கான்ட் வெய்ட்’டுக்கும் ‘ஹைலேண்ட்ஸ்’ஸுக்கும் நடுவில் வைப்பேன். அவளைத் தேடிப் போய்த் திரும்பியவன், பிறகு பாஸ்டன் உணவகத்தில் இன்னொரு பெண் முன்னால் உட்கார்ந்து அவித்த முட்டை கேட்பது எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

நள்ளிரவு வானொலி

அந்த வரிசை எனக்கும் சம்மதம் ஐயா. ‘மில்லியன் மைல்ஸ்’ஸை மட்டும் தொடாதீர்கள், ஆகி மையர்ஸின் ஆர்கனுக்காக அது இருக்கட்டும். ‘டில் ஐ ஃபெல் இன் லவ் வித் யூ’வை எடுங்கள். ஆனால் மிக்ஸ் லன்வாவுடையதாகத்தான் இருக்க வேண்டும்.